நரம்பணு எப்படி உருவெடுக்கிறது: டியூபுலின், ஆக்டின், அப்புறம் நம் வாசல் நித்தியகல்யாணி

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த பழைய தோட்ட லயங்களில் பல இடிந்துவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடங்கள் சிலவற்றில் இப்போது தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகள். லயத்தைக் காலி செய்து டவுனுக்கு வந்த குடும்பங்கள் சாமி படத்தோடு சில செடிகளையும் கொண்டுவந்தன. அவற்றில் ஒன்று நித்தியகல்யாணி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது, வருஷம் முழுக்கப் பூக்கும், கேட்டு ஓரத்துச் சிமெண்டு வெடிப்பில்கூட முளைக்கும். அதன் பூவையும் இலையையும் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இங்கே இருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. ஜமைக்காவிலும் இந்த இலையைத் தேநீராக்கிக் குடித்தார்கள். அங்கிருந்து வந்த இலையைக் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் 1950-களில் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டபோது ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. 1958-ல் அந்தச் சாற்றிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு நெருங்கிய வின்கிரிஸ்டின் சில ஆண்டுகளில் கிடைத்தது. 1963-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. இன்றைக்குக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது அடிப்படை மருந்து. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் சிகிச்சைத் திட்டத்திலும் அது இடம்பெற்றது.

இந்த மருந்து ஏறும் பிள்ளைகள் சிலருக்குச் சில வாரங்களில் நடை மாறிவிடும். முதலில் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும்: சிலிப்பரின் முன்பக்கம் சிமெண்டுத் தரையில் உரசும். அப்புறம் பிள்ளை முட்டியை வழக்கத்தைவிட உயரத் தூக்கி வைக்க ஆரம்பிக்கும். பாதத்தின் முன்பகுதி தானாக மேலே எழாததால், தடுக்கி விழாமலிருக்க உடம்பே கண்டுபிடிக்கும் வழி அது. பாதம் கீழே வரும்போது குதிகால் முதலில் படாமல் முன்பாதம் சப்பென்று அடிக்கும். படியேற முடியாது. வீட்டுப் பெரியவர்கள் "ரத்தம் கெட்டு நரம்பு இழுத்துக்கிச்சு" என்பார்கள். நோய் இருந்தது ரத்தத்தில், மருந்து குறிவைத்தது பிரியும் செல்களை. பாதம் ஏன் தொங்குகிறது?

நான் ஆறாம் படிவத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன். பாடத்தில் நரம்பணுவுக்கு ஒரு படம் வரும்: உருண்டையான உடல், செய்தியை வாங்கும் கிளைத்த டென்ட்ரைட்டுகள், செய்தியை அனுப்பும் நீளமான ஓர் ஆக்சான். அந்த வடிவம் எப்படி வந்தது, எது அதைத் தாங்குகிறது என்று படம் சொல்லாது. பாதம் தொங்குவதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் போலிக் எசிட் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு வரும் சில வகை வலிப்பு, மோட்டார் விபத்தில் செயலிழந்த கை எல்லாவற்றையும் புரிந்துகொள்ளவும் அங்கேதான் போக வேண்டும்.

அளவிலிருந்து ஆரம்பிப்போம். பாதத்தை அசைக்கும் நரம்பணுவின் உடல் முதுகுத்தண்டுக்குள் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதன் ஆக்சானோ இடுப்பு, தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை போகிறது. வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். உடம்பில் வேறு எந்தச் செல்லும் இப்படித் தன் உடலைவிடப் பத்தாயிரம் மடங்கு நீளத்துக்கு ஒரு கையை நீட்டி வைத்திருப்பதில்லை. இந்த நீளத்தை உண்டாக்குவதும் தாங்குவதும் செல்லுக்குள் இருக்கும் மூன்று வகைப் புரத இழைகள். மெல்லியது ஆக்டின் இழை, சுமார் 7 நானோமீட்டர் தடிமன். அடுத்தது நியூரோஃபிலமென்ட், 10 நானோமீட்டர். மூன்றாவது நுண்குழல், 25 நானோமீட்டர். மூன்றையும் சேர்த்துச் செல்லின் சட்டகம் என்கிறோம்.

நுண்குழல் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனது. ஆல்பா, பீட்டா என்று இரண்டு டியூபுலின் ஜோடி சேர்ந்தது ஓர் அலகு, நீளம் 8 நானோமீட்டர். இந்த ஜோடிகள் ஒன்றின் தலை இன்னொன்றின் வாலோடு சேர்ந்து இழையாகும். பெரும்பாலும் 13 இழைகள் பக்கவாட்டில் ஒட்டிக் குழலாகும். டியூபுலினைக் கண்டுபிடித்த கதையிலும் நமக்குத் தெரிந்த ஒரு செடி இருக்கிறது. கால் கட்டைவிரல் வீங்கி, கௌட் வலியோடு கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று கோல்சிசின். செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு அதுதான். தமிழ்நாட்டில் அந்த விதைக்காகவே செங்காந்தளைப் பயிரிடுகிறார்கள். செல் பிரிவதைக் கோல்சிசின் நிறுத்தும் என்பது நெடுங்காலமாகத் தெரியும். எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வின் டெய்லரும் அவருடைய மாணவர் கேரி போரிசியும் கதிரியக்கம் ஏற்றிய கோல்சிசினைச் செல்களுக்குக் கொடுத்து, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று தேடினார்கள். முடிவு 1967-ல் வெளியானது. வேகமாகப் பிரியும் செல்களில் அந்தப் புரதம் இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். மூளைத் திசுவிலும் அது கொட்டிக் கிடந்தது. முதிர்ந்த நரம்பணு பிரிவதே இல்லை. பிரியாத செல்லுக்கு இவ்வளவு டியூபுலின் எதற்கு என்ற கேள்வியே பாதிப் பதில்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பூச்சி மாத்திரையும் இதே புரதத்தில்தான் வேலை செய்கிறது. ஸென்டல் என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் இருக்கும் அல்பெண்டசோல் புழுவின் பீட்டா டியூபுலினோடு ஒட்டிக்கொள்ளும். புழுவின் குடல் செல்களில் நுண்குழல்கள் உருவாகாமல் போக, அது உணவை இழுக்க முடியாமல் சாகும். நம் டியூபுலினோடு அந்த மருந்து அவ்வளவாக ஒட்டாததால்தான் அதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடிகிறது.

சட்டகம் என்றதும் அசையாமல் நிற்கும் ஒன்று மனதில் வரும். அப்படியில்லை. 1984-ல் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் காட்டியது இது: ஒரே கரைசலில், ஒரே நேரத்தில், ஒரு நுண்குழல் நீண்டுகொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பது திடீரென்று நுனியிலிருந்து அவிழ்ந்து சரியும், சரிந்தது மறுபடியும் நீள ஆரம்பிக்கும். புதிதாகச் சேரும் டியூபுலின், ஆற்றல் ஏற்றிய ஒரு சிறு மூலக்கூறோடு வரும். நுனியில் அது இருக்கும்வரை குழல் நிற்கும்; தீர்ந்தால் குலையும். நரம்பணு வளர்வது முழுக்க இந்தக் கட்டுவதையும் குலைவதையும் இடம் பார்த்து, நேரம் பார்த்துக் கட்டுப்படுத்துவதுதான். ஆக்டினும் அப்படித்தான்: ஒரு முனையில் சேரும், மறுமுனையில் கழலும்.

இனி தாயின் வயிற்றுக்குள் போவோம். கரு உண்டாகி மூன்றாம் வாரத்தில், முதுகுப் பக்கத்தில் தட்டையான ஒரு செல் படலம்தான் இருக்கும். மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வர வேண்டும். அந்தச் செல்கள் ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் ஆக்டின் இழைகள் வளையமாகச் சேர்கின்றன. மயோசின் என்ற புரதம் அந்த இழைகளை ஒன்றோடொன்று இழுக்க, வளையம் சுருங்குகிறது. செல்லின் மேல்பக்கம் குறுகுகிறது. வரிசையாக இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே பக்கம் குறுகினால் படலம் மடிந்துதானே ஆக வேண்டும்? மடிந்து, விளிம்புகள் சந்தித்து, குழலாக மூடுகிறது. எந்தச் செல்லில் ஆக்டின் மேல்விளிம்பில் கூட வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களில் ஒன்று ஷ்ரூம்3. அது இல்லாத எலிக்குஞ்சுகளில் தலைப் பக்கம் குழல் மூடுவதில்லை என்று 1999-ல் தெரிந்தது. மனிதக் கருவில் குழல் மூடி முடிவது கருத்தரித்து 28 நாள் வாக்கில். கீழே மூடாமல் போனால் முதுகில் தண்டுவடம் வெளித்தெரியப் பிறக்கும் குழந்தை. மேலே மூடாமல் போனால் பிழைக்காது.

இந்த 28 நாள் கணக்கைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாதவிலக்கு தள்ளிப்போய், டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு பார்த்து, வீட்டில் சொல்லி, கிளினிக்கில் பிங்க் புத்தகம் என்கிற கர்ப்பப் பதிவேடு போட்டு, போலிக் எசிட் மாத்திரை கைக்கு வரும்போது பெரும்பாலும் அந்தக் குழல் மூடி முடிந்திருக்கும். 7 நாடுகளில் 33 மையங்களில், ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைச் சுமந்த பெண்களிடம் நடந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு 1991-ல் வெளிவந்தது: கருத்தரிக்கும் முன்பிருந்தே போலிக் எசிட் எடுத்தவர்களிடம் இந்தக் குறை 72 விழுக்காடு குறைந்தது. போலிக் எசிட் ஆக்டினின் பகுதி இல்லை. செல்கள் டிஎன்ஏ உண்டாக்கிப் பெருகுவதற்கு அது வேண்டும். பெருகும் செல்கள் போதாமல் போனால் மடிப்பு நேரத்துக்கு மூடாது. ஆகவே மாத்திரை கல்யாணமான பெண்ணுக்கு, குழந்தை வேண்டும் என்று நினைக்கும் நாளிலிருந்தே, குறைந்தது ஒரு மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் போக வேண்டும். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பிறந்த வீட்டில் அதைவிடப் பல மடங்கு அளவு தேவை; அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிப்புக்காக வால்புரோயேட் எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். அந்த மருந்து இதே குறையை வரவழைக்கும். அதற்காகப் பயந்துபோய்த் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

குழல் மூடியபின் உள்சுவரில் நரம்பணுக்கள் பிறக்கின்றன. பிறந்த இடத்திலேயே அவை இருக்க முடியாது. மூளையின் புறணி வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளே பிறந்தவை அங்கே போய்ச் சேர வேண்டும். பாஸ்கோ ராகிச் 1972-ல் காட்டியபடி, குழலின் உள்சுவரிலிருந்து வெளிச்சுவர்வரை நீண்ட துணைச் செல்களைப் பற்றிக்கொண்டு அவை ஊர்ந்து போகின்றன. முதலில் போனவை கீழடுக்கில் தங்கும், பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேலே போகும். இந்தப் பயணத்தில் பெரும்பகுதி கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் நடக்கிறது. ஊரும் செல் முன்னால் ஒரு நீட்சியை அனுப்பும். செல்லின் உட்கருவைச் சுற்றி நுண்குழல்கள் கூண்டுபோலச் சூழ்ந்து முன்னால் நீண்டிருக்கும். டைனீன் என்ற மோட்டார் புரதம் அந்தக் குழல்கள்மேல் நடந்து உட்கருவை முன்னுக்கு இழுக்கும். உட்கரு ஒரு தாவு தாவும், அப்புறம் நிற்கும், நீட்சி மறுபடி முன்னால் போகும்.

டைனீனுக்கு இந்த இழுவைக்கு வேண்டிய பலத்தைத் தர உதவும் புரதம் லிஸ்1. நுண்குழலைக் குலையாமல் பிடித்துக்கொள்ளும் இன்னொரு புரதம் டபுள்கார்ட்டின். லிஸ்1 மரபணு 1993-லும் டபுள்கார்ட்டின் மரபணு 1998-லும் அடையாளம் காணப்பட்டன. இரண்டில் எது கெட்டாலும் நரம்பணுக்கள் பாதி வழியில் நின்றுவிடும். இருக்க வேண்டிய மடிப்புகள் இல்லாமல், வழவழப்பான மூளையோடு குழந்தை பிறக்கும். சில மாதங்களிலேயே கடுமையான வலிப்பு தொடங்கும், தலை நிற்காது, உட்காராது. டபுள்கார்ட்டின் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே ஒரு எக்ஸ் உள்ள ஆண் குழந்தைகளுக்கு முழுப் பாதிப்பு. பெண் குழந்தைகளின் செல்களில் ஒரு பாதியில் நல்ல பிரதி வேலை செய்யும். அந்தச் செல்கள் புறணிக்குப் போய்ச் சேரும், மற்றவை நடுவில் தங்கி இரண்டாவது அடுக்கு ஒன்றாகத் தெரியும். எம்ஆர்ஐ படத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2007-ல் டியூபுலின் மரபணுவிலேயே ஏற்படும் மாற்றமும் இதேபோன்ற குறையைத் தரும் என்று கண்டார்கள்.

இப்படிப் பிறந்த குழந்தையின் தாய்க்கு நம் ஊரில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். கிரகணத்தில் வெளியே போனாயா, பப்பாளி தின்றாயா, குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செய்யாமல் விட்டாயா என்று மாமியாரிலிருந்து அண்டை வீட்டு அக்காவரை கேட்டுத் துளைப்பார்கள். அந்தப் பெண் பத்து வருஷம் கழித்தும் தான் செய்த தப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். லிஸ்1-ல் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் அம்மா அப்பா இருவரிடமும் இல்லாமல் புதிதாக உண்டாவது. சாப்பாட்டாலோ கிரகணத்தாலோ வருவதில்லை. டபுள்கார்ட்டின் மாற்றம் சில குடும்பங்களில் அம்மா வழியாக வரலாம்; அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் குடும்பம் மரபணு ஆலோசனை கேட்பது அதற்காகத்தான். கர்ப்ப காலத்து மது இடம்பெயரும் நரம்பணுக்களைக் குழப்பும் என்பது மட்டும் உறுதி. கள்ளுக்கடையும் சம்சு என்கிற மலிவுச் சாராயமும் தோட்டங்களுக்குச் செய்த கேட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர வேண்டிய இடத்தில் சேர்ந்த நரம்பணுவுக்கு இனிதான் உருவம் வருகிறது. இதைப் படிப்படியாகப் பார்த்தவர்கள் கார்லோஸ் டோட்டி, சார்ல்ஸ் சல்லிவன், கேரி பாங்கர் மூவரும். எலிக்கருவின் மூளையிலிருந்து எடுத்த நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து 1988-ல் எழுதினார்கள். முதல் சில மணி நேரம் செல் உருண்டையாக, ஓரத்தில் மெல்லிய படலத்தோடு கிடக்கும். அரை நாளில் நான்கைந்து குட்டை நீட்சிகள் வரும். எல்லாம் ஒரே மாதிரி. எது ஆக்சான் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளும், கொஞ்சம் உள்வாங்கும். ஒன்றரை நாள் வாக்கில் ஒன்று மட்டும் திடுமென்று ஓட ஆரம்பிக்கும். அதுதான் ஆக்சான். மற்றவை சில நாள் பொறுத்து டென்ட்ரைட்டுகளாகும். அந்த ஆக்சானைக் குட்டையாக வெட்டிவிட்டால், டென்ட்ரைட்டாகப் போக இருந்த இன்னொன்று ஆக்சானாகும்.

எது அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது? பிராங்க் பிராட்கேயும் டோட்டியும் 1999-ல் கண்டது: ஓடப்போகும் நீட்சியின் நுனியில் ஆக்டின் இளகியிருக்கிறது. மற்ற நுனிகளில் ஆக்டின் இறுகி நுண்குழல்களை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஆக்டினை இளக்கும் மருந்தைக் கொடுத்தால் ஒரே நரம்பணுவுக்குப் பல ஆக்சான்கள் முளைக்கும். 2008-ல் பிராட்கேயின் குழு மறுபக்கத்தைக் காட்டியது: நுண்குழலைக் குலையாமல் நிறுத்தும் டாக்சால் மருந்தைச் சிறிதளவு கொடுத்தாலும் பல ஆக்சான்கள் வருகின்றன. ஆக இரண்டும் சேர வேண்டும்: முன்னால் ஆக்டின் வழிவிட வேண்டும், பின்னால் நுண்குழல் நிலைக்க வேண்டும். இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு செல் தனக்கு ஒரே ஓர் ஆக்சான் என்று முடிவு செய்வது இரண்டு புரதங்கள் எங்கே உறுதி, எங்கே தளர்ச்சி என்பதில் அடங்கிவிடுகிறது.

ஓடும் ஆக்சானின் நுனியை வளர்முனை என்கிறோம். ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் 1890-ல் கோழிக்கருவின் தண்டுவடத்தில் அதைக் கண்டார். அவர் பார்த்தது வெள்ளி உப்பில் சாயமேற்றிய செத்த திசு; அதிலிருந்தே இது உயிரோடு நகர்ந்து வழிதேடும் நுனி என்று ஊகித்துவிட்டார். 1907-ல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு வளர்த்து, அது நகர்வதை நேரில் பார்த்தார். வளர்முனையின் ஓரத்தில் ஆக்டினால் ஆன விரல்கள் நீண்டு, தொட்டு, உள்வாங்கிக்கொண்டே இருக்கும். பந்தல் தேடும் பாகற்கொடியின் பற்றுச்சுருள்தான் நினைவுக்கு வருகிறது. கொடி மணிக்கணக்கில் செய்வதை வளர்முனை நிமிடங்களில் செய்கிறது. வழியில் நெட்ரின் போன்ற புரதங்கள் அழைக்கும், செமாபோரின் போன்றவை விரட்டும். விரட்டும் பக்கத்தில் ஆக்டின் குலைந்து விரல்கள் சுருங்கும். அழைக்கும் பக்கத்தில் ஆக்டின் சேர்ந்து விரல் நிலைக்கும், நுண்குழல் அதற்குள் நுழையும், ஆக்சான் அந்தப் பக்கம் திரும்பும். கண்ணிலிருந்து மூளைக்கும் முதுகிலிருந்து பாதத்துக்கும் வழி போடப்படுவது இப்படித்தான்.

நுண்குழலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில்தான் உண்டாகின்றன; நுனிக்கு அனுப்பியாக வேண்டும். ஆக்சானில் நுண்குழல்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து, வளரும் முனை வெளிப்பக்கமாக இருக்கும். கைனேசின் என்ற மோட்டார் புரதம், 1985-ல் ரான் வேலும் சக ஆய்வாளர்களும் கணவாயின் பெரிய ஆக்சானிலிருந்து கண்டுபிடித்தது, 8 நானோமீட்டர் எட்டுகளாக நுனி நோக்கி நடக்கும். டைனீன் திரும்பக் கொண்டுவரும். வேகச் சரக்கு ஒரு நாளில் 400 மில்லிமீட்டர்வரை போகும். டியூபுலின், ஆக்டின், நியூரோஃபிலமென்ட் ஆகிய சட்டகப் புரதங்கள் மட்டும் மிக மெதுவாக, நாளுக்கு ஒரு மில்லிமீட்டரிலிருந்து சில மில்லிமீட்டர்வரைதான் நகரும். இந்த மெதுவான கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். நியூரோஃபிலமென்ட் ஆக்சானைப் பருமனாக்குகிறது. பருமன் கூடினால் செய்தி வேகமாகப் போகும். ஆக்சானின் உள்தோல் நெடுக ஆக்டின் வளையங்கள் ஏறக்குறைய 190 நானோமீட்டருக்கு ஒன்றாக இருப்பது 2013-ல்தான் தெரியவந்தது.

சரி, இப்போது வின்கிரிஸ்டின். அது டியூபுலினோடு ஒட்டி, குழல் உருவாகவிடாமல் தடுக்கிறது. புற்றுச் செல் பிரிய வேண்டுமானால் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க நுண்குழல் வேண்டும். அது இல்லாமல் செல் சாகிறது. நரம்பணு பிரிவதில்லை, ஆனால் அதன் ஆக்சானுக்கு நுண்குழல்தான் உயிர்நாடி. சரக்குப் போகும் வழி தடைப்பட்டால் முதலில் வாடுவது மிக நீளமான ஆக்சானின் கடைசி நுனி. அதனால்தான் பாதம். மூளைக்குள் இந்த மருந்து அதிகம் நுழைவதில்லை, அதனால் மூளை தப்புகிறது. குடலின் நரம்புகளும் பாதிக்கப்படுவதால் கடுமையான மலச்சிக்கல் வரும். சில பிள்ளைகளுக்குத் தாடை வலிக்கும்.

இதைப் பெற்றோர் டாக்டரிடம் சொல்லாமல் மறைப்பது உண்டு, மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில். சொல்லத்தான் வேண்டும். உடனே நிறுத்திவிட மாட்டார்கள். அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்று பார்ப்பார்கள், பாதத்துக்குத் தாங்குபட்டை கொடுப்பார்கள், பிசியோதெரபிக்கு அனுப்புவார்கள். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் வின்கிரிஸ்டினை உடம்பிலேயே தங்கவைத்து நரம்புப் பாதிப்பைக் கூட்டும். ஆகவே வேறு கிளினிக்கில் எந்த மாத்திரை எழுதினாலும் முதலில் புற்றுநோய்ப் பிரிவில் கேட்க வேண்டும். மருந்து முடிந்த பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடை திரும்பிவிடும், மாதக்கணக்கில். வாசல் நித்தியகல்யாணியைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் புற்றுநோய்க்கும் நல்லதுதானே என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். இலையில் அந்த மருந்து மிக மிகச் சிறிய அளவில், வேறு பல நஞ்சுகளோடு கலந்து இருக்கிறது. மருத்துவமனை மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தக் குழாயில் ஏற்றுவதைக் கஷாயம் செய்யாது. கூடுதல் கேடுதான் வரும். சர்க்கரைக்கும் அதைக் குடிக்க வேண்டாம் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

குலைப்பதுதான் கேடு, நிறுத்திவைப்பது நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் பக்லிடாக்சால், மேலே சொன்ன அதே டாக்சால்தான், நுண்குழலைக் குலையவே விடாது. அதை எடுக்கும் பெண்களுக்கும் கைகால் நுனிகள் மரத்து எரியும். மிகச் சிறிய அளவில் அதே மருந்து வேறு விதமாக வேலை செய்கிறது: தண்டுவடம் அடிபட்ட எலிகளில் வடுத் திசுவைக் குறைத்து ஆக்சான்களை நீளச் செய்ததை 2011-ல் பிராட்கேயின் குழு வெளியிட்டது, 2015-ல் எபோதிலோன் பி என்ற இன்னொரு மருந்தில் அதேபோன்ற பலன் கிடைத்தது. இதெல்லாம் எலியில். அறுந்த தண்டுவடத்தை வளர்க்கிறேன் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கைகால் நரம்புகளின் கதை வேறு. தண்டுவடத்துக்கு வெளியே அறுந்த ஆக்சானின் நுனியில் மறுபடி வளர்முனை உண்டாகும், கருவில் இருந்தது போலவே நீளும். வேகம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். சட்டகப் புரதங்கள் மெதுவாக நகர்வதாகச் சொன்னேனே, அந்த வேகத்துக்கு ஒத்த கணக்கு இது. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தோள்பட்டை தரையில் அறைந்து, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை கிழிந்த இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறோம். எலும்பு முறிவு இல்லை என்றதும் வீட்டுக்கு வந்து, கை தானாகத் திரும்பும் என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கைக்கு 70 சென்டிமீட்டர் என்று வையுங்கள்: 700 நாள், இரண்டு வருஷத்துக்குப் பக்கம். நரம்பு வராத தசை ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் நரம்பை ஏற்கும் தன்மையை இழந்துவிடும். அதனால்தான் பிரான்சில் கிறிஸ்டோப் ஓபர்லின் 1994-ல் வேறு வழி சொன்னார்: கைக்குப் போகும் நல்ல நரம்பிலிருந்து ஒரு சிறு இழைக்கட்டைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குப் பக்கத்திலேயே இணைப்பது. ஆக்சான் கடக்க வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகக் குறைகிறது, சில மாதங்களில் முழங்கை மடங்கத் தொடங்குகிறது. இந்த அறுவை சிகிச்சை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். விபத்துக்குப் பிறகு மூன்று நான்கு வாரமாகியும் கையைத் தூக்கவோ முழங்கையை மடக்கவோ முடியவில்லை என்றால், நரம்பு அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்லி மருத்துவமனையில் கேளுங்கள்.